பஞ்சை விட்டுப் போன திருடன்

அத்தியாயம் 6

முனிலட்சுமியின் மூட்டையைக் காணவில்லை.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் தேன்கனிக்கோட்டைச் சாலையின் ஏழாவது மைல் கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கிய காவேரியிடம் அவள் ஓடிவந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். இரண்டாவது வாக்கியத்துக்குப் பதிலாக அழுகை வந்தது.

"அழுகையை அப்புறம் வெச்சுக்க. கடைசியா எப்போ பார்த்தே?"

"ராத்திரி படுக்கறப்போக்கா. தலைமாட்டுலதான் இருந்துச்சு. காலையில கிணத்துக்குப் போயி தண்ணி எடுத்துகினு வந்து பாக்கறேன், இல்ல."

"ஏரோப்பிளேன் டிக்கெட்?"

"அதுலதான்."

"வில்லை?"

அதுவும் மூட்டையில்தான் என்று முனிலட்சுமி தலையை ஆட்டினாள்.

"விமானம் மாலை நாலரைக்கு. இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. சோறு தின்னுட்டே தேடலாம்" என்றான், காவேரிக்குப் பின்னால் இறங்கிய மதுரைவீரன். பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, ஒரு பெரிய மனிதரின் மனைவியிடம் 'ஆட்டுக்குட்டிக்கும் அரை டிக்கெட் உண்டு, மடியில வெச்சாலும் உண்டு' என்று சொன்னதற்காக வேலையிழந்தவன். வேலை போனது, வாய் போகவில்லை. இரண்டு வருஷமாகக் 'காவேரி துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளன். நிலையம் என்பது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, 'காவேரி, பி.ஏ.' என்று எழுதிய ஒரு பலகை. அந்தப் பி.ஏ.வைக் கல்லாவியில் மூட்டை தூக்கிய ஒருவரின் மகள் வாங்கியிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. பலகையைப் படித்துவிட்டு மாடியேறுகிறவர்கள் முதலில் கேட்பது, 'துப்பறியறவர் இல்லீங்களா, ஆம்பளை யாராச்சும்?' என்பதுதான். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் நிரந்தரமாகக் குடியிருந்ததற்கு அது ஒரு சின்னக் காரணம்.

பெரிய காரணங்கள் வேறே. அவற்றில் ஒன்று இந்தச் சேரிக்கு மேலே, குன்றின் மேல் இருந்தது. சென்னகிருஷ்ணனின் கல் குவாரி. நாலு மாதத்துக்கு முன்னால் அங்கே வெடி தவறி வெடித்து ஆறு பேர் செத்தார்கள். ஆறு பேரும் இந்தச் சேரிக்காரர்கள். முனிலட்சுமியின் புருஷன் திம்மப்பன் அதில் ஒருவன். குவாரியின் ஆள் பட்டியலில் அந்த ஆறு பெயரும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார் சென்னகிருஷ்ணன். 'வேலைக்காரர்கள் அல்ல. வெடிமருந்து திருட வந்தவர்கள்.' செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா? இறந்து போனதோடு ஆறு பேரும் திருடர்களாகவும் ஆனார்கள்.

ஒரே ஒரு சாட்சி தப்பியது. குவாரியில் வேலை செய்கிறவனுக்கு எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். காலையில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து பேரின் வில்லைகள் உடம்போடு போயின. திம்மப்பன் அன்றைக்கு அரைஞாண் கயிறு அறுந்து வில்லையை வீட்டில் விட்டுப் போயிருந்தான். தெரிந்த முகம் என்று காவல்காரன் அன்று ஒரு நாள் உள்ளே விட்டிருந்தான். எண் நாற்பத்து மூன்று.

டெல்லியில் சுரங்கம், குவாரி விபத்துகளை விசாரிக்க ஒரு கமிட்டி உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி அதன் கடைசி அமர்வு. சாட்சி நேரில் வர வேண்டும், வில்லையோடு வர வேண்டும் என்ற கடிதம் சேலம் வக்கீலிடம் வந்து சேர்ந்தது திங்கட்கிழமை. ரயிலில் போனால் கமிட்டி மூட்டை கட்டிய பிறகுதான் போய்ச் சேரலாம். டெல்லித் தொழிற்சங்கம் ஒன்று தந்தி மூலம் விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தது. அவளைப் பத்திரமாக விமானத்தில் ஏற்றுகிற பொறுப்பை வக்கீல் காவேரியிடம் விட்டார்.

காவேரி நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். பன்னிரண்டு பத்துக்கு ஏழாவது மைலில் பஸ். பன்னிரண்டே முக்காலுக்கு ஓசூர். ஒரு மணிக்குப் பெங்களூர் பஸ். மூன்றரைக்குள் விமான நிலையம். நாலரைக்கு ஐதராபாத். ராத்திரி அங்கே தங்கல், சங்கத்து ஆள் வருவார். வியாழக்கிழமை டெல்லி. விமானக் கம்பெனிக்காரன் கொடுத்த துண்டுத்தாளை வரிக்கு வரி படித்து, காது அடைக்காமல் இருக்கப் பஞ்சு, குமட்டலுக்குப் பெப்பர்மிண்ட் எல்லாம் வாங்கி, நேற்றுச் சாயங்காலம் அவளே கொண்டுவந்து கொடுத்து, சேரி முழுக்கக் கூடி நிற்க நேரங்களைப் படித்தும் காட்டிவிட்டுப் போனாள். ஓட்டை இல்லாத திட்டம் என்று அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

குடிசை பத்தடிக்கு எட்டடி. காவேரி வாசலில் நின்றே பார்த்தாள். உறியில் கூழ்ச்சட்டி. மூலையில் முனிலட்சுமியின் நாலு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் டெல்லிக்கென்று கடன் வாங்கிய புதுச் சேலை. மாடத்தில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

"கொலுசு யாருது?"

"பக்கத்து வூட்டு நஞ்சம்மா குடுத்துச்சு. டெல்லிக்குப் போறவ வெறுங்காலோட போகக் கூடாதுன்னு."

"வெள்ளியை விட்டுட்டு வெறும் துணி மூட்டையை எடுத்திருக்கான்" என்றான் மதுரைவீரன். "இது சென்னகிருஷ்ணன் ஆளுங்க வேலைதான். வில்லைக்காக வந்தவன். நான் போயி பஸ் நிக்கிற எடத்துல விசாரிக்கிறேன்."

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"வெளியாளு ஒருத்தனும் வரல. சாயாக் கடைக்காரன் அஞ்சு மணிலேருந்து ரோட்டையே பாத்துகினு இருக்கான். அவனுக்கு வேற பொழப்பு இல்ல, அவன் சாயாவைக் குடிச்சுப் பாத்தாலே தெரியுது."

காவேரி கேட்டும் கேட்காததுமாக இருந்தாள். அவள் கண் மாடத்தில் கொலுசுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. நீல நிறக் காகிதத்தில் சுற்றிய பஞ்சுச் சுருள்.

"முனி, இதை நீ மூட்டையில வைக்கலையா?"

"வெச்சேனே. பெப்பர்மிண்ட்டோடதான் வெச்சேன்."

"பெப்பர்மிண்ட் எங்கே?"

குடிசையில் பெப்பர்மிண்ட் இல்லை. அப்படியானால் திருடன் மூட்டையைப் பிரித்திருக்கிறான். பஞ்சை மட்டும் எடுத்து, கசக்காமல், மாடத்தில் வைத்திருக்கிறான். மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

"ரொம்ப யோக்கியமான திருடன்" என்றான் மதுரைவீரன். "பஞ்சுக்கு வேலை இருக்கும்னு விட்டுட்டுப் போயிருக்கான். நான் நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், பி.ஏ.யம்மா. ஊருக்குப் போறவளுக்குப் போயி பஞ்சு வாங்கிக் குடுக்கறீங்களே. நம்ம பக்கத்துல பஞ்சு வெச்சு அனுப்பறது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். அதுக்கு ரிட்டன் டிக்கெட் கிடையாது."

காவேரி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதுக்கு? திட்டறதுக்கா?"

"பிணத்தோட மூக்குல வைக்கிற பஞ்சு. பயணம் போற மூட்டையில அது இருக்கக் கூடாது. எடுத்து வெச்சவன் யாரு? இந்தப் பயணம் நல்லபடியா நடக்கணும்னு நினைக்கிறவன். எதிரி இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க உன் மாமியார்?"

மாரம்மா குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் முடி நுனியில் இருந்தது. மகன் செத்த நாளிலிருந்து யாரோடும் அதிகம் பேசாதவள். இன்று முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. காவேரி அவள் முகத்தைவிடக் காலைத்தான் பார்த்தாள். சேரி முழுக்கச் செம்மண். மாரம்மாவின் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மாவு தடவினது போல வெள்ளைத் தூள். கல் அரைக்கிற மிஷினைத் தாண்டிப் போகிற மேல் சாலையில் மட்டும்தான் அந்தத் தூள் உண்டு. அந்தச் சாலை ஒரே ஒரு வீட்டுக்குப் போகிறது.

"அம்மா, மூட்டையை எத்தனை மணிக்கு எடுத்துகிட்டுப் போனீங்க?"

மாரம்மா ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளி முளைச்சு, கோழி கூவி, ஆறு மணி சங்கு ஊதறதுக்கு மின்னாடி. நல்ல நேரம்னு கோயில்காரர் சொன்னாரு. நீங்க பாட்டுக்குப் பன்னெண்டு பத்துக்குக் கெளம்பணும்னு படிச்சுட்டுப் போயிட்டீங்க. புதங்கெழம பன்னெண்டுக்கு ராகு காலம். போதாததுக்கு வடக்கே சூலம். டில்லி வடக்காமே? ராகு காலத்துல, சூலத்துக்கு எதிரா, வானத்துல போறவ திரும்பி வருவாளா? அதான் மூட்டைய மின்னாடியே அனுப்பிட்டேன். மூட்டை கெளம்பிட்டா ஆளு கெளம்பின மாதிரிதான்."

"எங்க அனுப்பினீங்க?"

"எங்கன்னா? வழக்கமா வெக்கற எடத்துலதான். ஆண்டை வூட்டு வாசக்கல்லுல."

முனிலட்சுமி "அத்தை!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மாரம்மாவுக்கு அந்தக் கத்தல் விளங்கவில்லை. "ஏமே கத்தறே? இந்தச் சேரியிலேருந்து ஊரு தாண்டிப் போனவங்க அத்தனை பேரு மூட்டையும் அந்தக் கல்லுல உக்காந்துட்டுத்தான் போச்சு. எம் புள்ள கோலாருக்குப் போறப்பவும் நாந்தான் கொண்டுபோயி வெச்சேன். நல்லபடியா திரும்பி வந்தான். பயண மூட்டையை ஆண்டை வூட்டுல யாரும் தொட மாட்டாங்க. தொட்டா அந்த வூட்டுக்கு ஆகாது. எம் மாமியா காலத்துலேருந்து ஒருத்தரு மூட்டையும் பிரிச்சதில்ல."

சென்னகிருஷ்ணன்தான் அந்த ஆண்டை.

 காவேரிக்கு மாரம்மா மேல் கோபம் வரவில்லை. எல்லாக் கோபமும் நோட்டில் கட்டம் போட்ட அந்தக் கையின் மேல் வந்தது. கல்லாவியில் அவள் அப்பன் சந்தைக்குக் கிளம்பும்போதுகூட அம்மா நேரம் பார்த்துத்தான் செருப்பை வெளியே எடுத்து வைப்பாள். அதெல்லாம் மூடத்தனம் என்று நாலு வருஷம் படித்துத் தெரிந்துகொண்டவள், இந்தத் தெரு இன்னும் பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துபோனாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'இந்த நேரம் பரவாயில்லையா அம்மா?' கேட்கவில்லை. படித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

"நடங்க பி.ஏ.யம்மா" என்றான் மதுரைவீரன். "மூணு தலைமுறையா தொடாதவங்க. நாலாவது தலைமுறைக்குக் கை அரிக்கறதுக்குள்ள போயிடலாம்."

மேல் சாலையில் நடந்தபோது அவனே மெதுவாகச் சொன்னான்: "டிக்கெட்டைக் கிழிச்சிருந்தாலும் பரவாயில்லம்மா. பேரு அவங்க லிஸ்ட்டுல இருக்கும், போயி கத்தினா ஏத்திப்பான். வில்லை போச்சுன்னா?"

"வில்லை போச்சுன்னா திம்மப்பன் திருடன்" என்றாள் காவேரி.

ஆண்டை வீட்டு வெளிக்கேட்டில் காவல்காரன் நாராயணப்பன் நின்றான். குவாரிக்கும் வீட்டுக்கும் அவனே காவல். வெயிலில் நிறம் போன காக்கிச் சட்டை. இடது மார்பில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகப் பழைய காக்கி நிறம் அப்படியே இருந்தது. இவர்களைப் பார்த்ததும் அவன் கேட்டைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சேரிக்காரன்தான் அவனும்.

மூட்டை இருந்தது. வாசலுக்கு வெளியே, செதுக்கின சதுரக் கல்லின் மேல், மஞ்சள் கரைத் துணியில், மாரம்மா போட்ட முடிச்சோடு இருந்தது. மேலே ஒரு செவ்வரளிப் பூ வாடிக்கொண்டிருந்தது.



"வாம்மா, வா!" சென்னகிருஷ்ணனே வெளியில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. ஐம்பது வயதிருக்கும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவர். "பி.ஏ. படிச்ச பாப்பா நீதானே? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். நம்ம சேரிப் பொண்ணு ஏரோப்பிளேன்ல போகுதாமே. சென்னாகி ஆகலி, நல்லபடியா நடக்கட்டும். ஊருக்கே பெருமைதானே?"

"எதுக்காகப் போறான்னு தெரியுமில்லீங்க?"

"தெரியாம என்ன? என் மேல புகார் சொல்லப் போறா. சொல்லட்டும். அது வேற, இது வேற. மாரம்மா விடியக்காலையில கொண்டாந்து வெச்சா. எங்க தாத்தா காலத்து வழக்கம். யாரு மூட்டையா இருந்தாலும் இந்த வூட்டுல ஒருத்தர் தொடமாட்டோம்." அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூட்டையை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினார். "ஆண்டை கையால எடுத்துக் குடுத்தாத்தான் பயணம் பலிக்கும்னு அவங்க நம்பிக்கை. நம்ம கெடுப்பானேன்? பாவம், வயித்தைப் பிரட்டும் அந்த ஏரோப்பிளேன். பெப்பர்மிண்ட் வெச்சிருக்கா இல்ல, அது போதும்."

காவேரி வாங்கிக்கொண்டாள். அவர் முன்னால் பிரித்துப் பார்த்தால் அவள் எதைத் தேடுகிறாள் என்று காட்டிக் கொடுத்ததாகும். துணிக்கு மேலாகவே விரலால் தடவினாள். டிக்கெட்டின் கெட்டி அட்டை. சேலைத் துண்டில் முடிந்த வட்டமான வில்லை. இரண்டும் இருந்தன.

"வரேங்க" என்றாள்.

"போயிட்டு வாம்மா" என்றார் சென்னகிருஷ்ணன்.

கீழே இறங்கும்போது மதுரைவீரன் சீட்டி அடித்தான். "பாத்தீங்களா? பஞ்சாங்கத்துக்கு இருக்கற மரியாதை போலீசுக்கு இல்ல. நாளைலேருந்து நம்ம ஆபீசுல ஒரு பஞ்சாங்கம் வாங்கி மாட்டுங்க. பலகையில பி.ஏ.வுக்குப் பக்கத்துல ஒரு சூலமும் போட்டுருங்க."

காவேரிகூடச் சிரித்தாள். மணி பத்தரை. திட்டம் மறுபடி நேராகிவிட்டது.

சேரியில் மாரம்மா மூட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நாஞ் சொல்லல? தொட மாட்டாங்கன்னு சொல்லல? குய்யோ முறையோன்னு கத்தினாளே இவ!" சொல்லிவிட்டு அவரைக்காயை அள்ளிக்கொண்டு போனாள். நாலு மாதத்தில் அவள் அவ்வளவு பேசியது இன்றுதான்.

முனிலட்சுமி குடிசைக்குள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரிக்கவில்லை. காவேரி தடவின மாதிரியே துணிக்கு மேலாகத் தடவினாள். ஒரு தடவை தடவினாள். மறுபடியும் தடவினாள். பிறகு அவள் கை நின்றுபோனது.

"அக்கா, இது அவருது இல்ல."

"என்ன இல்ல?"

"வில்லை. அவரு வில்லையை எம் பொண்ணு பல்லு முளைக்கறப்போ கடிச்சுகினே இருப்பா. விளிம்புல ரெண்டு எடத்துல நெளிஞ்சிருக்கும். நாலு மாசமா தெனமும் தடவிப் பாத்துகினுதான் தூங்கறேன். இதுல நெளிவு இல்ல."

காவேரி முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பித்தளை வில்லை. குவாரியின் முத்திரை. நடுவில் எண்.

எண்பத்தாறு.



"திருடிட்டுப் போயிருந்தா கத்தலாம்" என்றாள் காவேரி. அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். "ஊர் கூடி, வழக்கத்தை மீறிட்டாரு ஆண்டைன்னு கேக்கலாம். அவர் எடுக்கல. மாத்தியிருக்காரு. வெச்ச மூட்டை வெச்ச மாதிரி இருக்கு, எண்ணிக்கையும் குறையல. இதைக் கொண்டுபோய் டெல்லியில நீட்டினா, எண்பத்தாறாம் நம்பர் ஆளு உயிரோட வேலை செய்யறான், இந்தப் பொம்பளை பொய் சாட்சின்னு அவரோட ரிஜிஸ்தர் சொல்லும்."

"பெப்பர்மிண்ட்" என்றான் மதுரைவீரன் மெதுவாக. "வெச்சிருக்கா இல்லன்னு சொன்னாரே. பிரிக்காதவருக்கு எப்படித் தெரியும்?"

"அதேதான். எனக்கும் இப்பத்தான் உறைக்குது." காவேரி எழுந்தாள். "எண்பத்தாறு யாருன்னும் தெரியும். வெளுத்த சட்டையில வெளுக்காத வட்டம். வருஷக்கணக்கா வில்லை குத்தியிருந்த எடம். இன்னைக்குக் காலையிலதான் கழட்டியிருக்கான்."

மேல் சாலையில் இரண்டாவது தடவை அவள் ஓடினாள்.

நாராயணப்பன் அவளைப் பார்த்ததும் கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டான். அந்தக் கை வட்டத்தைச் சரியாக மறைத்தது.

"அண்ணா, உங்க வில்லை எங்க?"

"தொலைஞ்சு போச்சு."

"எப்போ?"

"இன்னா கேள்வி இது? தொலையறது நேரம் சொல்லிட்டா தொலையும்?"

"எண்பத்தாறுதானே உங்க நம்பர்?"

 வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினான். "போயிடும்மா. எனக்கு நாலு புள்ளைங்க."

"திம்மப்பனுக்கும் ஒண்ணு இருக்கு. உங்க தெருவு, உங்க ஆளு. ஒரு காகிதத்துல நான் எழுதறேன், நீங்க கைநாட்டு வெச்சா போதும். என் வில்லையை ஆண்டை வாங்கிகிட்டாரு. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்."

"வெச்சா? நாளைக்கு எம் பேரு அந்தப் பட்டியல்ல இருக்குமா?" நாராயணப்பன் அவளை நேராகப் பார்த்தான். கண்ணில் ஈரம் இருந்தது, கோபமும் இருந்தது. "உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சில்ல? பி.ஏ. படிச்சவ. யாரு எடுத்தாங்க, யாரு மாத்தினாங்க, எவன் சட்டையில வட்டம், எல்லாம் கண்டுபுடிச்சுட்டே. அப்புறம் என்னைய எதுக்குக் கேக்கறே? தெரிஞ்சத வெச்சு இன்னா பண்ண முடியுமோ பண்ணிக்க."

"நாற்பத்து மூணு எங்க?"

அவன் குவாரியின் கைவிட்ட பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். கல் எடுத்த இடத்தில் தேங்கின பச்சைத் தண்ணீர். அறுபது அடி ஆழம் என்று சொல்வார்கள். இதுவரை யாரும் அளந்ததில்லை.

காவேரி திரும்பி வந்தாள். போலீசில் போய் என்ன சொல்வது? மாமியாரே தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தாள், ஆண்டையே தன் கையால் திருப்பிக் கொடுத்தார், ஒரு குழந்தையின் பல் தடம் காணாமல் போயிருக்கிறது என்றா? வழக்கு முடிந்துவிட்டது. குற்றவாளி யார், எப்படி, எத்தனை மணிக்கு, எல்லாமே அவள் கையில் இருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் இத்தனை சுத்தமாக எதையும் கண்டுபிடித்ததில்லை. அதை வைத்து ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை.

முனிலட்சுமி புதுச் சேலை கட்டித் தயாராக நின்றாள்.

"கெடைக்காதுன்னு தெரியுங்க்கா" என்றாள். "அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மூட்டை பத்திரமா வந்துடுச்சுன்னே இருக்கட்டும். எம் புருஷன் செத்ததையே அது இன்னும் முழுசா தாங்கல. தான் கொண்டுபோயி குடுத்துதான் இதுவும் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் குவாரிக் குட்டையில போயி விழுந்துடும்."

"போறியா, வேண்டாமா? நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"போகாம இருந்தா அவரு திருடன்தானே?"

"இதை?" காவேரி எண்பத்தாறை நீட்டினாள்.

"எனக்கு வேணாம். அவரு பேரைச் சொல்றதுக்கு வேற ஒருத்தரு வில்லையைக் காட்ட மாட்டேன்."

பன்னிரண்டு பத்துக்கு வந்த பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். சேரியே வந்து நின்றது. மாரம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருமகள் தலையைத் தொட்டு, "ஒண்ணும் பயப்படாதே. மூட்டை மின்னாடியே கெளம்பிடுச்சு" என்றாள். முனிலட்சுமி "ஆமா அத்தை" என்றாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. காவேரியால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஓசூரில் பஸ் மாறும்போது சேலம் வக்கீலுக்குத் தந்தி கொடுத்தாள். சாட்சி வருகிறாள், சான்று போய்விட்டது. எழுதிக் காட்டியபோது தந்தி குமாஸ்தா எண்ணிப் பார்த்து, இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்கலாம், கட்டணம் ஒன்றுதான் என்றார். அவள் காசை எண்ணி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பெங்களூர் விமான நிலையத்தில் மணி மூன்று இருபதுக்கே வந்து சேர்ந்தார்கள். திட்டத்தில் எழுதியிருந்ததற்குப் பத்து நிமிஷம் முன்னால். பயணிகளை நிறுத்துப் பார்க்கிற தராசு ஒன்று அங்கே இருந்தது. கோட்டு போட்டவர்கள் ஏறி இறங்கினார்கள். முனிலட்சுமி செருப்பில்லாத காலோடு ஏறி நின்றாள்.

"தொண்ணூற்றொரு பவுண்டு" என்று எழுதினான் குமாஸ்தா. மூட்டையை வாங்கி அதையும் வைத்தான். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. "டெல்லிக்கு இவ்வளவு லேசா யாரும் போறதில்லம்மா. எதாச்சும் மறந்துட்டீங்களா?"

முனிலட்சுமி காவேரியைப் பார்த்தாள். காவேரி மதுரைவீரனைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன், மூட்டையைத் தராசிலிருந்து எடுத்து முனிலட்சுமியின் கையில் கொடுத்தான்.

கம்பி வேலிக்கு அப்பால் வெள்ளி நிறத்தில் விமானம் வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்தில் வைத்துக்கொண்டு நின்றது. பெயர் கூப்பிட்டார்கள். முனிலட்சுமி நாலடி நடந்து, திரும்பி வேலியருகே வந்தாள்.

"அக்கா, கையில ஒண்ணும் இல்ல. வாயாலதான் சொல்லுவேன். அன்னைக்குக் காலையில கஞ்சி குடிச்சுட்டு வேலைக்குத்தான் போனாருன்னு சொல்லுவேன். நான் சொன்னா கேப்பாங்க இல்ல?"

கமிட்டிகள் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்பது காவேரிக்குத் தெரியும். வக்கீல் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் படித்திருக்கிறாள். இதுவரை தன்னிடம் வந்த எவருக்கும் அவள் ஆறுதலுக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கேப்பாங்க" என்றாள்.

முனிலட்சுமி நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து ஏறி உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினார்கள்.